அஞ்சு பேரு, நாலு கட்டிலு

ஊட்டிக்குப் போறீங்களாமா சாமி? நெம்பச் சந்தோசம். புள்ளைகளப் பாத்துக்கற ஆயாம்மாவையும் கூடக் கூட்டிட்டுப் போறோம்னு அம்மிணி சொன்னதுல எனக்கு இன்னும் சந்தோசம். பின்ன? ஆபீசுல லீவு வாங்கிப் புள்ளைகளோட இருக்கறதுன்னா, அதுகளத் தூக்கி வெச்சுக்க ஒரு ஆளு வேணுமில்ல! மெட்ராசுல சம்பாதிக்கறவங்களுக்குத்தான் இந்த மூளை. மேட்டுப்பாளையத்துல மலையப் பாத்துட்டே பொறந்து வளந்த எங்களுக்கு இது தெரியாமப் போச்சு. உங்கம்மாளத் தோள்ல தூக்கிட்டே ஊட்டியச் சுத்திட்டு வந்து, கழுத்துத் திரும்பாமக் கெடந்தவன் நானு.

கெழவன் சொன்னாக் கேக்கோணும்னு சட்டமில்ல. ஆனாலும் போற வழியில ஒரு வாய் மோர் குடிக்க எறங்குனீங்கல்ல, அந்தப் பாவத்துக்கு நாலு யோசனையும் வாங்கிட்டுப் போங்க.

மொதல்ல கணக்கு. கார்ல மலையேறோணும்னா 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் எடுக்கோணும், ஐகோர்ட்டு உத்தரவு. எத்தனை பேரு வர்றீங்கன்னு அதுல கேக்கறாங்க. அங்க அஞ்சுன்னு போட்டாச்சு. ஓட்டல்ல ரூமு போடறப்ப மட்டும் பெரியவங்க ரெண்டு, கொழந்தைக ரெண்டுன்னு நாலாக்கிட்டீங்க பாருங்க, அதுதான் படிச்ச படிப்பு. சர்க்காருக்கு அஞ்சு பேரு, ஓட்டலுக்கு நாலு. அந்த அஞ்சாவது ஆளு செக்போஸ்ட்டு தாண்டுனதும் மாயமாயிருவாங்க. நடுராத்திரி பாப்பா சிணுங்குனா மறுபடியும் உருவமெடுத்து வந்து நிப்பாங்க.

கட்டிலு கேட்டா எக்ஸ்ட்ரா பெட்டுன்னு காசு பிடுங்குவானாம். எதுக்குங்க மாப்ள தண்டச் செலவு? ஆயாம்மா கீழ ஒரு போர்வைய விரிச்சுப் படுத்துக்க மாட்டாங்களா? ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல 2,240 மீட்டரு. மே மாசத்து ராத்திரியிலயும் அங்க தரை சில்லுன்னுதான் கெடக்கும். பாப்பாவுக்குக் குல்லா, ரெண்டு ஸ்வெட்டரு, கைக்கு ஒறை, காலுக்கு ஒறைன்னு தனிப் பொட்டியே வந்திருக்குது. ஆயாம்மா கையில ஒரே ஒரு துணிப்பை. குளுருக்கு மொதலாளி யாரு, வேலையாளு யாருன்னு தெரியாதுன்னு இத்தனை நாளா நெனைச்சுட்டிருந்தேன். உங்க பொட்டியப் பாத்தா, அதுக்கும் தெரியுமாட்ட இருக்குது.

மலை ரயிலுக்கு டிக்கெட்டு எடுத்திருக்கறீங்களாமே. நல்ல காரியம். யுனெஸ்கோக்காரங்க 2005-ல உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்த ரயிலு. 46 கிலோமீட்டரு ஏறறதுக்கு அஞ்சு மணி நேரம் பக்கமா ஆகும். 208 வளைவு, 16 குகை. அத்தனை தூரமும் பத்துக் கிலோப் பாப்பா ஆயாம்மா மடியில. குகைக்குள்ள இருட்டுனா அது வீல்னு கத்தும். வெளிச்சம் வந்தா நீங்க எட்டிப் பாத்து, “அருவி பாரு தங்கம்”னு கையக் காட்டிட்டு மறுபடியும் செல்போனை ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்குவீங்க.

அந்த ரயில்ல ஒரு விசேசம் உண்டு. கல்லாறு தாண்டுனா, நடுவுல கெடக்கற பல்லுச்சட்டத்தக் கவ்விப் பிடிச்சுட்டுத்தான் வண்டி ஏறும். எஞ்சினு முன்னால நின்னு இழுக்காது. பின்னால நின்னு தள்ளும். முன்பொட்டியில உக்காந்து போட்டோப் பிடிக்கறவனுக்கு வண்டி தன்னால மேல போறாப்பலயே இருக்கும். உங்க டூரும் அப்படித்தான் போகப் போவுது. ஒண்ணே ஒண்ணு: நீராவி எஞ்சினுக்கு நடு வழியில நிறுத்தித் தண்ணி புடிப்பாங்க. அதை மட்டும் பாத்து வெச்சுக்கோங்க.

அப்பறம் சாப்பாடு. நீங்க மேசையில உக்காந்து மெனு கார்டை மேல கீழ படிக்கறப்ப, ஆயாம்மா பாப்பாவ இடுப்புல வெச்சுட்டு, வெளிய குதிரையக் காட்டி ஒரு வாய், கொரங்கக் காட்டி ஒரு வாய்னு ஊட்டிட்டிருப்பாங்க. அது கடைசி வாயைத் துப்பி முடிக்கறதுக்கும் உங்களுக்குப் பில்லு வர்றதுக்கும் சரியா இருக்கும். அவங்களுக்கு ஒரு தயிர்சாதம் பார்சல், கார்ல சாப்பிட்டுக்குவாங்க. கொண்டை ஊசி வளைவுல மடியில கொழந்தைய வெச்சுட்டுத் தயிர்சாதம் திங்கறது ஒரு வித்தை. அதுக்குத் தனிச் சம்பளமே குடுக்கலாம்.

“ஊட்டு ஆளு மாதிரிதானுங்க வெச்சிருக்கறோம்”ங்கறாரு மாப்ள. இருக்கட்டுங்க மாப்ள. சொத்துல பங்கு வேண்டாம். சோத்துல பங்கு குடுங்க, சூடா.

“அவங்களும் ஊட்டியப் பாத்த மாதிரி ஆச்சுல்ல அப்புச்சி”ங்கறா அம்மிணி. எங்க கண்ணு? அவங்க ஊட்டி பாத்ததவிட ஊட்டி விட்டதுதான எச்சு! பொட்டானிக்கல் கார்டனு 1848-ல இருந்து இருக்குது. பூவுக்கு முன்னால குடும்பத்தோட நின்னு போட்டோ எடுக்காதவங்க யாரு? நீங்களும் எடுப்பீங்க. எடுத்துக் குடுக்கறது ஆயாம்மா. அதையும் மீறி அவங்க நுழைஞ்ச படத்துல, பாப்பாவத் தாங்கிப் பிடிச்ச ஒரு கை மட்டும் ஓரத்துல தெரியும். அந்தக் கையையும் வெட்டிப் போடறதுக்கு இப்ப செல்போன்லயே வசதி இருக்குதாமே.

இதெல்லாம் நீங்க புதுசாக் கண்டுபிடிச்சீங்கன்னு பெருமைப்படாதீங்க. மெட்ராசு சர்க்காரே கோடையில ஊட்டிக்கு மூட்டை கட்டுன காலத்துல வெள்ளைக்காரத் தொரைமாருங்க ஊடுகள்ல ஆயாமாருங்க இருந்தாங்க. தொரைசானி சீமைக்குப் போறப்பக் கப்பல்லயும் கூடவே போனாங்க. வாரக்கணக்குல கடல், கப்பல் ஆடற ஆட்டத்துல வாந்தி எடுக்கற புள்ளைகளப் பாக்கோணும், தொரைசானியையும் பாக்கோணும். லண்டன்ல எறங்குனதும், “உன்ற வேலை முடிஞ்சுது, போ”ன்னு ஊரு திரும்பக் கப்பல் காசுகூடக் குடுக்காம விட்டுட்டுப் போன மவராசனுகளும் உண்டு. அப்படி நின்னவங்க தங்கறதுக்குன்னே அங்க ஒரு ஊடு இருந்துச்சு. 1900-ல இருந்து அது ஹாக்னிங்கற பக்கத்துல நடந்துச்சு. இந்தியாவுக்குப் போற வேற குடும்பம் ஏதாச்சும் வந்து வேலைக்குக் கூட்டிட்டுப் போற வரைக்கும் அங்கயே காத்துட்டுக் கெடப்பாங்க. 2022-லதான் அந்த ஊட்டுச் செவுத்துல நீலப் பலகை ஒண்ணு மாட்டி மரியாதை பண்ணுனாங்க. நூறு வருசம் கழிச்சுப் பலகை மாட்டறதுக்குப் பதிலா, இருக்கறப்பவே ஒரு கட்டிலு போட்டிருந்தாச் செலவு கம்மி.

அம்மிணி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறா. “நாங்க என்ன அப்படியா அப்புச்சி?” இல்ல கண்ணு, நீ அப்படியில்ல. அதுனாலதான் சொல்றேன். கெட்டவங்களுக்கு யோசனை சொல்லி என்ன பிரயோசனம்?

ஒண்ணு கேக்கறேன். “வர்றீங்களா?”ன்னு ஆயாம்மாகிட்டக் கேட்டியா, “வெள்ளிக்கெழமை கெளம்பறோம்”னு சொன்னியா? உம் புள்ளைக்குப் பள்ளிக்கோடம் லீவுன்னா அவங்க புள்ளைக்கும் லீவுதான். அதை யாருகிட்ட விட்டுட்டு வந்திருக்காங்கன்னு தெரியுமா? தெரியலைன்னா இப்பவே போயிக் கேளு. மோரு ஒண்ணும் ஆறிப் போயிராது.

மெட்ராசுல சாயங்காலம் ஆறு மணியானா அவங்க பஸ் ஏறி ஊட்டுக்குப் போயிருவாங்க. ஊட்டியில அவங்களுக்கு ஆறு மணியே அடிக்காது. “தங்கற எடமும் சோறும் ஓசிதான அப்புச்சி”ம்பீங்க. ஓசிதான். ராத்திரி ரெண்டு மணிக்குப் பால் கலக்கறதும் ஓசிதான. 2011-ல ஜெனீவாவுல உலகத் தொழிலாளர் அமைப்பு, ஊட்டு வேலை செய்யறவங்களுக்குன்னு 189-வது ஒப்பந்தம் ஒண்ணு போட்டுச்சு. வாரத்துல ஒருக்கா முழுசா 24 மணி நேரம் ஓய்வு குடுக்கோணும். அந்த ஓய்வு நேரத்துல அவங்க மொதலாளி ஊட்லயோ, மொதலாளி குடும்பத்தோடயோதான் இருக்கோணும்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு அதுல எழுதியிருக்குது. நம்ம நாடு அதுக்கு ஓட்டுப் போட்டுச்சு. ஊருக்கு வந்து கையெழுத்துப் போட மறந்துருச்சு. அது கெடக்கட்டும். தமிழ்நாட்டுல வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் 2007-லயே வந்தாச்சு. அதுல ஆயாம்மா பதிஞ்சிருக்காங்களா? மாப்ள கம்ப்யூட்டர்லதான பொழைக்கறாரு, அவரே பாத்துச் சொல்லட்டும்.

கெளம்பறதுக்கு முன்னாலயே வாயத் தொறந்து பேசிப்புடுங்க. காத்தால எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும் அவங்க பொறுப்பு, ராத்திரி அழுதா யாரு எந்திரிக்கறது, வெளியூரு தங்கறதுக்கு நாளுக்கு எவ்வளவு எச்சுச் சம்பளம், அவங்களுக்குன்னு எந்தப் பொழுது. ஒரு மத்தியானம் கையில காசு குடுத்து விடுங்க. ஏரிக்கரையில தனியா நடப்பாங்களோ, மார்க்கெட்டுல புள்ளைக்கு வர்க்கி வாங்குவாங்களோ, ரூமுல கால நீட்டித் தூங்குவாங்களோ, அது அவங்க பாடு. அந்த நேரத்துல பாப்பா உங்ககிட்ட இருக்கும். பயப்படாதீங்க, கடிக்காது. கொஞ்ச நேரம் அழுகும். அப்பறம் நீங்கதான் அப்பா அம்மான்னு கண்டுபிடிச்சுக்கும்.

இதெல்லாம் தோதுப்படாதுன்னா ஆயாம்மாவ இங்கிருந்தே பஸ் ஏத்தி அனுப்பிட்டு, என்னையக் கூட்டிட்டுப் போங்க. எனக்குச் சம்பளம் வேண்டாம். ரயில்ல ஜன்னலோரம் உக்கார வெக்கோணும். ரூமுல தனிக் கட்டிலு, ரெண்டு கம்பளி. எந்திரிச்சதும் சுடச்சுடக் காப்பி, நேரத்துக்குச் சோறு, மத்தியானம் தூக்கம். பாப்பா அழுதா எழுப்பக் கூடாது. மாப்ள, சிரிக்கறீங்க; ஆனா முடியாதுன்னு சொல்ல மாட்டீங்க. ஒரு துரும்பையும் எடுத்துப் போடாத கெழவனுக்கு இத்தனையும் செய்வீங்கன்னா, நாளெல்லாம் உங்க புள்ளையச் சொமக்கறவங்களுக்கு அதுல பாதி செஞ்சாப் போதுமுங்க.