மினுக்குற வெளக்கும் முழிக்கிற முதலாளியும்

ஏலே பேராண்டி, மூஞ்சி ஏன் இப்பிடித் தொங்குது? சம்பளம் வரலையா? பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டாளா? ரெண்டும் இல்லையா? பழைய கார்ல ஒரு வெளக்கு மினுக்குதா! அடப்பாவி, இதுக்கா சோறு எறங்காமக் கெடக்க?

எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் தேவலை. எரியுது, அணையுது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனா அணைஞ்சே கெடக்கு. ஆசுபத்திரி வாசப்படிய மிதிச்சதும் வயித்துவலி பறந்துபோற பள்ளிக்கூடத்துப் பய மாதிரி. மெக்கானிக் ஒன்னய மேலயும் கீழயும் பாக்காரு. கோளாறு வண்டிக்கா, வந்தவனுக்கான்னு அவருக்கு ரோசன.

நீயும் சும்மா இருக்கலை. ராத்திரி பூரா வீடியோ பாத்த. ஒருத்தன் சென்சார்னான். இன்னொருத்தன் கம்ப்யூட்டர்னான். ஒன் மச்சினன் கண்திருஷ்டின்னான். மூணுக்கும் செலவழிச்சாச்சு. ஊரெல்லாம் கேட்டியே, வண்டிகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?

‘வண்டி பேசுமா தாத்தா’ன்னு இளிக்காத. அந்த வெளக்குதாம்லே அதோட பேச்சு. என்ன சொல்லுதுன்னு மட்டும் பாத்தாப் பத்தாது, எப்ப சொல்லுதுன்னு பாக்கணும். மேடு ஏறயிலயா, எறங்கயிலயா? காலைக் குளிர்ல கெளப்புனதுமா, உச்சி வெயில்ல சிக்னல்ல நிக்கயிலயா? மழை பேஞ்ச மறுநாளா, வண்டி கழுவுன அன்னைக்கா? இதுல ஒண்ணுக்காவது பதில் தெரியுமா ஒனக்கு? தெரியாது. ஆனா புது சென்சார் என்ன வெலைன்னு பைசா சுத்தமாத் தெரியும்.

கேட்டுக்கோ. வளைவுல திரும்பயிலயோ, எறக்கத்துல பிரேக் புடிக்கயிலயோ பிரேக் வெளக்கு மின்னி அணையுதா? பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பிரேக் ஆயில் டப்பாக்குள்ள ஒரு மெதவை கெடக்கு. ஆயில் கொறஞ்சு, வண்டி சாஞ்ச பக்கம் ஓடயில மெதவை எறங்குது. வெளக்கு எரியுது. ஒடனே ஆயில வாங்கி ஊத்திட்டு மீசைய முறுக்காத. இருந்த ஆயில் எங்க போச்சு? பிரேக் பேடு தேயத் தேய டப்பாவுல ஆயில் எறங்கும். இல்லன்னா எங்கயோ கசியுது. பேடப் பாரு. சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரம் இருக்கான்னு பாரு. அதுக்கெல்லாம் முன்னால, ஹேண்ட்பிரேக்க முழுசா எறக்குனியான்னு பாரு. முக்காவாசி வண்டியில அதுக்கும் அதே வெளக்குதான் தொரை.

ராத்திரி ஹெட்லைட்டு, ஏசி, வைப்பர் எல்லாம் ஒண்ணா ஓடயில பேட்டரி வெளக்கு மங்கலா எரியுதா? பெல்ட் தொளதொளத்திருக்கும். இல்ல, டைனமோவுல கார்பன் தேஞ்சிருக்கும். டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமாப் பூத்துக் கெடக்கே, அத மொதல்ல சுத்தம் பண்ணு. அப்புறம் மீட்டர வச்சுப் பாரு. நிறுத்தி வச்ச வண்டியில நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஓடயில 13.8-ல இருந்து 14.4 வரைக்கும் ஏறணும். ஏறலைன்னா புது பேட்டரி வாங்கி என்ன பிரயோசனம்? அதுவும் நடுரோட்டுல படுக்கும்.

செவப்பு ஆயில் வெளக்குகிட்ட மட்டும் வெளையாடாத. தூரம் ஓடிச் சூடேறி, சிக்னல்ல நிக்கயில மினுக்குதா? ஆக்சிலேட்டர மிதிச்சா அணையுதா? அது அழுத்தத்தச் சொல்ற வெளக்குலே. ஓரங்கட்டு. இஞ்சின நிறுத்து. கொஞ்சம் ஆறவிட்டு டிப்ஸ்டிக்க உருவிப் பாரு. ஆயில் கொறஞ்சிருக்கலாம், நீத்துப் போயிருக்கலாம், பேரிங் தேஞ்சிருக்கலாம். வெறும் சுவிட்ச் கோளாறாவும் இருக்கலாம். ஆனா சுவிட்ச்சுதான்னு கேஜ மாட்டிப் பாத்த மெக்கானிக் சொல்லணும், ஒன் ஆச சொல்லக் கூடாது. வைத்தியனுக்குக் குடுக்கிறத வாணியனுக்குக் குடுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? காருக்கும் எண்ணெய்தான் மொத மருந்து.

இனி ஒன் மஞ்ச இஞ்சின் வெளக்குக்கு வாரேன். ஸ்டீயரிங்குக்கு அடியில 16 பின் வச்ச ஒரு சாக்கெட் இருக்கே, அதுல ப்ளூடூத் டப்பாவச் சொருகி, போன்ல கோடு பாத்து டாக்டராயிட்ட. அந்த ஏற்பாட்ட அமெரிக்காக்காரன் 1996-லயே புதுக் காருக்கெல்லாம் கட்டாயமாக்குனான். புகை கூடிக் காத்து கெட்டுறக் கூடாதுன்னு செஞ்சது. நல்ல சாமான்தான். யாரு கையில இருக்குங்கிறதுல இருக்கு சங்கதி. ‘பி0171’னு வந்துச்சு, காத்து கூடிப் பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். நீ ஒடனே ஆக்சிஜன் சென்சார மாத்திட்ட. காத்து போற ரப்பர்க் குழாய் ஒண்ணு வெடிச்சிருந்தாலும் அதே கோடுதாம்லே வரும். கோடு கோளாறச் சொல்லும், காரணத்தச் சொல்லாது. ஆயிரம் சென்சார மாத்துனவன் அரை மெக்கானிக்.

அப்புறம் ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணுன பாரு. பேட்டரி ஒயரக் கழட்டி மாட்டுன. வெளக்கு அணைஞ்சிச்சுன்னு குதிச்ச. கோளாறு வந்த நேரத்துல இஞ்சின் எம்புட்டுச் சூடு, வண்டி எம்புட்டு வேகம்னு கம்ப்யூட்டர் குறிச்சு வச்சிருக்கும். அம்புட்டையும் ஒங்கையாலயே அழிச்சிட்ட. தானா அணைஞ்சாலும் வழக்கு முடியலை கேட்டியா. பொதுவா, தொடர்ந்து மூணு ஓட்டத்துல கோளாறு தெரியலைன்னா வெளக்கு அணையும். கோடு மட்டும் இஞ்சின் ஒரு 40 தடவ சூடாகி ஆறுற வரைக்கும் உள்ள கெடக்கும். மெக்கானிக்கு அதுதான் சாட்சி.

ஒண்ணு மட்டும் ஞாவகம் வச்சுக்கோ. வண்டி குலுங்கி, மஞ்ச வெளக்கு டக்கு டக்குன்னு துடிச்சா இஞ்சின் மிஸ்ஸாகுதுன்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர்ப் பக்கம் போயி, புகையச் சுத்தம் பண்ற கன்வர்ட்டரப் பொசுக்கிரும். அதோட வெலையக் கேட்டா நீ துடிப்ப.

சரி, மேடு பள்ளத்துல குலுங்குனா மட்டும் வெளக்கு வருதா? ஒயர்தாம்லே. பானெட்டத் தொறந்து தூக்கு. வேட்டி, துண்டு எதுவும் பெல்ட் பக்கம் போகாமப் பாத்துக்கிட்டு, ஓடுற இஞ்சின்ல ஒவ்வொரு கனெக்டரா பைய அசைச்சுப் பாரு. எத அசைக்கயில வெளக்கு வருதோ அதுதான் குத்தவாளி. எர்த் ஒயர் துருப்புடிச்சா சம்பந்தமில்லாத வெளக்கெல்லாம் எரியும். எலி கடிச்சிருக்கான்னும் பாரு. எலிய மட்டும் ஏசாத. மூணு கலர்ல மின்னுற லைட்டு வேணும், ஊரே அதிர்ற ஸ்பீக்கர் வேணும்னு நல்ல ஒயர அறுத்து, முறுக்கி, டேப்பச் சுத்துனது யாரு? எலியா?

இன்னொரு கூத்து இருக்கு. வெளக்கு மேல கருப்பு டேப்ப ஒட்டுறது. இல்லன்னா பல்பையே உருவிர்றது. பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டு போகுமா? பழைய வண்டி விக்கிறவன்ல சில பேரு இந்த வித்தையில கைதேர்ந்தவன். அதனால வாங்கப் போகையில வெள்ளப் பெயிண்டையும் சீட்டுக் கவரையும் தடவிக்கிட்டு நிக்காத. இஞ்சினக் கெளப்பாம சாவிய மட்டும் திருப்பு. ஆயில், பேட்டரி, இஞ்சின் வெளக்கு மூணும் எரியணும். கெளப்புனதும் அணையணும். எரியவே இல்லைன்னா கும்புடு போட்டுட்டு நடையக் கட்டு.

கடைசியா ஒண்ணு சொல்லுதேன். வண்டிக்குள்ள ஒரு நோட்டும் பென்சிலும் போடு. வெளக்கு வந்த நேரம், வேகம், மழையா வெயிலா, ஏசி ஓடுச்சா, எம்புட்டு நேரம் நின்னுச்சு, எல்லாத்தையும் எழுது. போன்ல ஒரு படம் புடி. பொறவு மெக்கானிக்கிட்ட அத நீட்டு. செவப்புன்னா நிறுத்து, மஞ்சன்னா எழுது, துடிச்சா ஓட்டாத. மெக்கானிக் கேக்குற மொத கேள்வி ‘எப்ப எரியுது?’தான். அதுக்குப் பதில் இல்லாம பர்ஸத் தொறக்காத.