கரைவது சுவர்தான், அடையாளம் அல்ல

கேள்வி: கிறிஸ்தவச் சபைகளே ஒன்றுசேராதபோது, மதங்களுக்கு இடையே உரையாடல் எப்படி நடக்கும்?

பதில்: சேர்ந்திருக்கின்றனவே! 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாகக் கனிந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் இணைந்தன. அடையாளம் கரைந்துவிடாதா என்பார்கள். கரையவில்லை, அங்கே ஆங்கிலிக்கன் மரபின் பேராயரும் உண்டு, காங்கிரிகேஷனல் மரபின் சபையார் வாக்கும் உண்டு. 28 ஆண்டுப் பொறுமைக்குக் கிடைத்த பலன் அது. அடையாளத்தை இழக்காமல் பொறுமையாகச் சேர்வதுதான் மதங்களுக்கு இடையிலும் வழி. மூணாறைப் பாருங்கள். அங்கே கோயிலும் தேவாலயமும் மசூதியும் தனித்தனிக் குன்றுகளில் நிற்கின்றன. ஆனால் 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தபோது, மதம் அவர்களைப் பிரிக்கவில்லை. கூலிக்காகக் கூடுவது இறையியல் உரையாடலாகுமா? ஆகாதுதான். ஆனால் ஒருவரையொருவர் நம்பாதவர்கள் இறையியல் பேசினால் வாதம் மட்டுமே மிஞ்சும். அந்த நம்பிக்கை சேர்ந்து உழைக்கும் இடத்தில்தான் பிறக்கிறது. பேச்சை அங்கிருந்தே தொடங்குவோம்.