முப்பத்தொன்றாவது கால்

போர்டு மாமா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் சென்னையில் இருபது வீடுள்ள எந்த அப்பார்ட்மென்டில் தேடினாலும் ஒருவர் அகப்படுவார். வயது நாற்பதுக்கு மேல். ஈ.சி.இ. படித்தவர். நான்கு வருடம் டிரான்சிஸ்டரையும் ஆன்டெனாவையும் உருப்போட்டுவிட்டு, ஓம் விதியைக்கூடக் கேட்காத ஒரு கேம்பஸ் இன்டர்வியூவில் தேறி ஐ.டி. கம்பெனிக்குப் போனவர். அன்றிலிருந்து அவருக்குச் சோறு போடுவது எக்செல். அதை அவர் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. புது ஆளைப் பார்த்தால், "பேசிக்கலி நான் எலெக்ட்ரானிக்ஸ்" என்பார்.

சாட்சி பரணில் இருக்கிறது. பழைய பிஸ்கட் டின் ஒன்றில், 2004இல் ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு வாங்கிய டெவலப்மென்ட் போர்டு. நடுவில் நாற்பது கால் சிப்பைப் பூட்டிவைக்கும் பச்சை சாக்கெட், ஓரத்தில் ஒன்பது துளை சீரியல் போர்ட், வரிசையாக எட்டு சிவப்பு எல்.இ.டி. சிப் அட்மெல் ஏடி89எஸ்52. இன்டெல் 1980இல் கொண்டுவந்த 8051இன் நேர் வாரிசு. 8 கிலோபைட் ஃபிளாஷ், 256 பைட் ராம். காலையில் பெரியவர்கள் அனுப்பும் குட்மார்னிங் படத்தின் ஒரு ஓரம்கூட அதில் அடங்காது. அந்த அட்மெல்லை 2016இல் மைக்ரோசிப் வாங்கிவிட்டது. போட்டிக்குப் பிக் சிப்பு செய்கிற கம்பெனி! எதிர்வீட்டில் சம்பந்தம் பண்ணிக்கொண்டதுபோல மாமா இன்றுவரை அதை வாயால் சொல்லமாட்டார்.

டின் கீழே இறங்க ஒரு காரணம் வேண்டும். அது எப்போதும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான். தொட்டி வழிந்த மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் மோட்டாரைப் போட்டது யார், நிறுத்தவேண்டியது யார் என்று பட்டிமன்றம் நடக்கும். செகரட்டரி விலகுவதாக மிரட்டுவார். அந்த நேரம் பார்த்து மாமாவின் செய்தி வரும்: "இதுக்கெல்லாம் சண்டை எதுக்கு? ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போதும். நான் பார்த்துக்கறேன்." பத்துக் கட்டைவிரல்கள் எழும். எதற்குச் சம்மதித்தோம் என்று கட்டைவிரல்காரர்களுக்குத் தெரியாது.

போர்டை அப்படியே மின்சாரத்தில் மாட்டினால் வேலை முடிந்தது என்று நாம் நினைப்போம். சாக்கெட்டின் நெம்புகோல் உடைந்திருக்கிறது. அதனால் சிப்பைக் கழற்றி, பிரெட்போர்டில் முதலிலிருந்து கட்டவேண்டும். மாமாவின் முகத்தைப் பார்த்தால், நெம்புகோல் உடைந்ததில் அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை. டைனிங் டேபிள் துடைக்கப்படும். காய்கறி நறுக்க இடம் தேடி அத்தை தரையில் உட்காருவார். உதவிக்கு மூன்றாம் வருடம் படிக்கும் மருமகன் வரவழைக்கப்படுவான். "வயரைப் பல்லால உரிக்காத, ஸ்ட்ரிப்பர் எடு" என்று அவனை அதட்டிவிட்டு, மாமா தன் வயரைப் பல்லால் உரிப்பார்.

முதலில் சிப்பை உட்காரவைக்கிற சடங்கு. இருபது வருடம் டின்னில் கிடந்த கால்கள் கொஞ்சம் அகன்றிருக்கும். மேஜைமேல் ஒருபக்கமாகச் சாய்த்து வைத்து, இருபது கால்களையும் ஒரே அழுத்தில் உள்பக்கமாக வளைப்பார். பிறகு மறுபக்கம். அப்போது மூச்சு விடமாட்டார், மற்றவர்களும் விடக்கூடாது. சிப் உட்கார்ந்ததும் ஒருபக்கம் மூன்று துளை, மறுபக்கம் இரண்டு துளை மிஞ்சும். "பார்த்தியா, எவ்ளோ இடம்!" என்பார். மருமகன் கொண்டுவந்த நோட்எம்சியு வி3 போர்டு அதே பிரெட்போர்டில் அமர்ந்தால் இரு ஓரத்துளைகளையும் அதுவே எடுத்துக்கொண்டு, வயர் செருக வெளியில் ஒன்றுகூட விடாது. அதில் வைஃபை உண்டு, இதில் இல்லை என்பதை அவன் சொல்ல வாயெடுப்பான். மாமா அந்த அகலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

இனி வயர்கள். நாற்பதாவது காலுக்கு ஐந்து வோல்ட், இருபதாவது காலுக்கு கிரவுண்ட். ஐந்து வோல்ட்டைத் தருவது 7805. அதற்குத் தீனி போடுவது, செத்துப்போன மோடத்தின் அடாப்டர். அதை அவர் எலிமினேட்டர் என்றுதான் சொல்வார். ஒன்பதாவது கால் ரீசெட்: ஐந்து வோல்ட்டிலிருந்து 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், கிரவுண்டுக்கு 10கே ரெசிஸ்டர். பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் குறுக்கே கிரிஸ்டல், அதன் இரு பக்கமும் 33 பிகோஃபாரட்.

கிரிஸ்டல் என்றதும் கொஞ்சம் நிற்கவேண்டும், மாமா நிற்பார். அவருக்கு 11.0592 மெகாஹெர்ட்ஸ்தான் வேண்டும். முந்தினநாள் ரிச்சி தெருவுக்குப் போய் அதற்காக நாலு கடை ஏறி இறங்கியிருக்கிறார். "12 இருக்கு சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்ன பையனுக்குக் கடை வாசலிலேயே வகுப்பு நடந்தது. 11.0592ஐப் பன்னிரண்டால் வகுத்து, மறுபடி முப்பத்திரண்டால் வகுத்தால் சரியாக 28,800. அதை மூன்றால் வகுத்தால் 9,600. சீரியல் போர்ட்டின் வேகம், மீதி இல்லாமல். 12 போட்டால் 10,416 என்று வரும். திரையில் எழுத்துக்குப் பதில் கிறுக்கல்தான். கணக்கில் தவறே கிடையாது. அழகான கணக்கும்கூட. ஆனால் தொட்டி மோட்டாருக்கு சீரியல் போர்ட் எதற்கு என்று அந்தப் பையன் கேட்கவில்லை. பின்னால் ஒருவர் மொபைல் சார்ஜர் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

எல்லாம் மாட்டியாயிற்று. புரோகிராம் முன்பே சிப்பில் ஏற்றியாயிற்று. அதற்கென்றே விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் டெஸ்க்டாப் ஒன்று படுக்கையறையில் பாதுகாக்கப்படுகிறது, பழைய பேப்பர்காரர் மாதம் ஒருமுறை அதை விசாரித்துவிட்டுப் போகிறார். இலவச கீல் கம்பைலர் 2 கிலோபைட்டுக்கு மேல் ஒப்புக்கொள்ளாது. மாமாவுக்கு அது தடையே இல்லை. அவர் எழுதியது ஒரு எல்.இ.டி.யை எரித்து அணைக்கும் நிரல்.

சுவிட்சைப் போடுவார். எரியாது.

இந்த இடத்தில்தான் மாமாவின் முழு அழகும் வெளிப்படும். முகத்தில் ஏமாற்றத்தின் சாயல் துளியும் இருக்காது. கல்யாண வீட்டில் பந்தி ஆரம்பித்தாயிற்று என்று கேள்விப்பட்டவரின் சுறுசுறுப்பு. சட்டைக் கை மடிபடும். மல்ட்டிமீட்டர் 'பீப்' அடிக்கத் தொடங்கும்.

முதல் குற்றவாளி பிரெட்போர்டின் சிவப்புக் கோடு. நீளப் போர்டுகள் பலவற்றில் அந்த மின்பாதை நடுவில் அறுந்திருக்கும். மேலே அச்சிட்ட கோட்டில் ஒரு சின்ன இடைவெளி, அவ்வளவுதான் அடையாளம். இந்தப் பாதிக்கு ஐந்து வோல்ட் வந்தால் அந்தப் பாதி பட்டினி. ஒரு துண்டு வயரால் இணைப்பார். அப்போதும் எரியாது. 7805ஐத் தொட்டுப் பார்ப்பார், சூடு இல்லை. கெபாசிட்டரைத் திருப்பிப் பார்ப்பார், சரிதான். 104 என்று எழுதிய சின்ன கெபாசிட்டர் ஒன்றை மின்கால்களுக்கு நடுவே செருகிவைப்பார். எதற்கும் இருக்கட்டும் என்பது அதன் தத்துவம்.

பிறகு நாற்காலியில் சாய்ந்து, மருமகனைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்பார்.

"முப்பத்தொண்ணு எங்கடா போகுது?"

"எங்கயும் போகலை மாமா."

"அதான்!"

முப்பத்தொன்றாவது காலை ஐந்து வோல்ட்டில் கட்டாவிட்டால், சிப் தன் வயிற்றில் உள்ள நிரலை விட்டுவிட்டு, வெளியே இல்லாத மெமரியைத் தேடிப் போய்விடலாம். மாமாவுக்கு இது நேற்று இன்று தெரிந்ததல்ல. வைவாவில் இந்தக் கேள்விக்குத்தான் எக்ஸ்டர்னல் எக்சாமினர் தலையாட்டினார். அப்படியிருந்தும் ஒவ்வொரு முறையும் அந்தக் கால் மட்டும் தனியே நிற்பது மறதியால் என்று நான் நம்பவில்லை.

வயர் ஏறியது. எல்.இ.டி. கண்சிமிட்டியது. "ஏய், இங்க வா! எரியுது பாரு!"

அத்தை கரண்டியோடு வந்தார். கண்சிமிட்டும் விளக்கைப் பார்த்தார். வீட்டில் சாமிப்படத்துக்கு மாட்டிய சீரியல் செட் இதைவிட நன்றாகக் கண்சிமிட்டும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சொல்லவில்லை. "இதுல பூஜ்யம் அனுப்பினாத்தான் எரியும், ஒண்ணு அனுப்பினா அணையும்" என்று மாமா விளக்கினார். இந்தச் சிப்பின் கால்கள் மின்சாரத்தை உள்ளே இழுப்பதில் கெட்டி. வெளியே தள்ளுவதில் கஞ்சம். ஆகவே விளக்கைத் தலைகீழாகக் கட்டவேண்டும். "அப்ப மோட்டாரை நிறுத்தணும்னா போடச் சொல்லணுமா?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. ரிலே வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

சாயங்காலம் செகரட்டரிக்கு செயல்விளக்கம். தொட்டிக்குப் பதில் பாத்ரூம் மக். மூன்று உயரங்களில் மூன்று வயர், ஆளுக்கொரு பிசி547 டிரான்சிஸ்டர். தண்ணீர் ஊற்ற ஊற்ற விளக்குகள் ஒவ்வொன்றாய் எரிந்தன. குறை சொல்ல எதுவுமில்லை. மக் இருந்தது டேபிளில். தொட்டி இருப்பது ஐந்தாவது மாடிக்கும் மேலே. அங்கே வயர் இழுப்பது பற்றியும், தண்ணீரில் கிடக்கும் வயர் முனை அரித்துப்போவது பற்றியும் செகரட்டரி கேட்டார். "அது ஃபேஸ் டூ" என்றார் மாமா. ஐ.டி.யில் இருபது வருடம் சும்மா போகவில்லை.

ஃபேஸ் டூவுக்கு யாரும் காத்திருக்கவில்லை. பிளம்பர் ஒருவர் வந்து, ரெடிமேட் கன்ட்ரோலர் ஒன்றை ஒரு மதியத்தில் மாட்டிவிட்டுப் போனார். தொட்டி நிறைந்தால் மோட்டார் நின்றது. குறைந்தால் ஓடியது. வாட்ஸ்அப் குழுவில் பேச ஒன்றுமில்லாமல் குட்மார்னிங் படங்கள் பெருகின.

மாமாவால் மூன்று நாள்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. நான்காம் நாள் ஸ்க்ரூடிரைவரோடு மோட்டார் அறைக்குப் போனார். கன்ட்ரோலரின் மூடியைக் கழற்றினார். உள்ளே சுண்டுவிரல் நகமளவு ஒரு சிப். மேலே இருந்த எண்ணைக் கம்பெனிக்காரன் சுரண்டி அழித்திருந்தான்.

"நம்பரை ஏன் அழிக்கிறான்? மறைக்கிறதுக்கு ஏதோ இருக்கு. உள்ள ஓடறது 8051 கோர்தான், சந்தேகமே வேணாம்" என்று செல்போன் டார்ச் பிடித்திருந்த மருமகனிடம் சொன்னார். "மீட்டரைக் குடு, எந்தக் கால்ல அஞ்சு வோல்ட் வருதுன்னு பார்த்துடலாம்."

மீட்டர் முனை வழுக்கியது. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். மோட்டார் ஓடிக்கொண்டேயிருந்தது.

"மாமா, தொட்டி வழியுது."

"வழியட்டும். சிப்பு சூடாகுது பாரு, தொட்டுப் பாரு. நம்ம டிசைன்ல இந்தப் பிரச்சினையே வராது. அந்த டின்னை எடுத்துட்டு வா."