எந்த வேர்ஷன் பாத்தனீர்?

'பிளேட் ரன்னர் 2049' நல்ல படம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். "அது கிடக்கட்டும் தம்பி, முதல் படத்தில நீர் எந்த வேர்ஷன் பாத்தனீர்?" இதற்குச் சரியான பதில் கிடையாது. 1982இல் தியேட்டருக்கு வந்தது என்றால், ஹரிசன் ஃபோர்ட் வேண்டாவெறுப்பாக வாசித்த பின்னணிக் குரலோடு பார்த்திருக்கிறீர்கள், பாவம். 1992இன் இயக்குநர் பதிப்பு என்றால், குரல் போய் ஒற்றைக்கொம்புக் குதிரை வந்துவிட்டது, ஆனாலும் அது ரிட்லி ஸ்கொட்டின் முழுக் கட்டுப்பாட்டில் உருவானதல்ல. 2007இன் இறுதிப் பதிப்பு என்றால், "அதைத்தான் எல்லாரும் பாத்திருக்கினமே!" மொத்தம் ஏழு வேர்ஷன். நாம் ஆறைச் சொன்னால் அவர் ஏழாவதில் நிற்பார். 1982 முடிவில் வரும் மலைக்காட்சிகள் கியூப்ரிக் 'தி ஷைனிங்'குக்கு எடுத்து மிஞ்சியவை என்பதும், வான்ஜெலிஸ் இசையமைத்த ஸ்டூடியோ லண்டன் மார்பிள் ஆர்ச் பக்கத்தில் இருந்தது என்பதும் இலவச இணைப்பு. பின்னதைச் சொல்லும்போது, அந்த யமஹா சின்தசைசரைப் படியேற்றிக் கொடுத்ததே தான்தான் என்ற தோரணை.

இரண்டாம் படம் தோல்வி என்பது அவர் தீர்ப்பு. முதல் ஆதாரம் வசூல். 15 கோடி டொலருக்கு மேல் கொட்டி எடுத்து 2017இல் வந்த படம், உலகம் முழுதும் 25 கோடியைத் தாண்டியும் பணம் போட்டவர்களுக்கு நட்டம்தான். சரி. ஆனால் 1982இல் முதல் படமும் 'ஈ.டி.' ஓடிய அதே கோடையில் மண்ணைக் கவ்வியதே? அந்தத் தோல்வி அண்ணையின் கணக்கில் காலத்தை முந்திய கலைக்குக் கிடைத்த சான்றிதழ். இந்தத் தோல்வி மட்டும் வெறும் தோல்வி. அடுத்த ஆதாரம் நீளம்: 163 நிமிடம் இழுக்கிறதாம். முதல் படமும் 117 நிமிடம் மழையில் நனைந்துகொண்டு மெல்லத்தான் நகர்கிறது. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் தியானம்.

முதல் படம் கேட்ட கேள்வியை இரண்டாவது எங்கே கொண்டுபோனது என்று பார்த்துத்தான் வெற்றி தோல்வி சொல்ல வேண்டும். அதன் நாயகன் டெக்கார்ட் மனிதனா, செய்யப்பட்டவனா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். இரண்டாம் படத்தின் இயக்குநர் டெனி வில்னவ் அந்த முடிச்சை அவிழ்க்காமலே தாண்டிப் போகிறார். அவருடைய 'கே', தான் செய்யப்பட்டவன் என்று தெரிந்தே வேலைக்குப் போகிறவன். செய்யப்பட்டவள் ஒருத்தியின் வயிற்றில் பிறந்த அதிசயப் பிள்ளை தான்தானோ என்று கொஞ்சக் காலம் ஆசைப்பட்டு, இல்லை என்று தெரிந்துகொள்கிறான். அப்புறம் அந்தப் பாலம். கட்டட உயர இளஞ்சிவப்பு விளம்பரப் பெண் குனிந்து அவனை 'ஜோ' என்கிறாள். கடையில் வாங்கிய ஒளியுருவமான அவன் காதலி அவனுக்கென்று ஆசையாய் வைத்த பெயர் அது. கடையில் விற்கிற எல்லாப் பிரதிகளுக்கும் அதே பெயர்தான் வாயில் வரும் போலிருக்கிறது. அடிபட்ட முகத்தோடு நிமிர்ந்து பார்க்கிறான். அதற்குப் பிறகுதான், தனக்கு ஒரு லாபமும் இல்லாத காரியத்தைச் செய்யக் கிளம்புகிறான். முதல் படத்தில் இந்தத் துக்கம் இல்லை. 13 முறை ஏமாந்த ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் 14ஆம் முறை ஒஸ்கார் வாங்கியதும் இந்தப் படத்துக்குத்தான்.

இசை விஷயத்தில் அண்ணை சொல்வது நியாயம். வான்ஜெலிஸ் நெஞ்சைத் தொட்ட இடத்தில் ஹான்ஸ் சிம்மரும் பெஞ்சமின் வால்ஃபிஷும் விலா எலும்பைத் தொடுகிறார்கள். வாட்டர்லூ ஐமக்ஸில் நாற்காலியே அதிரும். தேய்ந்த வீடியோ நாடாவில் முதல் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து உயிரோடு வைத்திருந்ததும் இவரைப் போன்றவர்கள்தான். அந்த நன்றி உண்டு. ஆனால் லெஸ்டர் சதுக்கத்துப் பிரின்ஸ் சார்ல்ஸ் தியேட்டரில் அதை முதல்முறை பார்த்துவிட்டுக் கண் விரிய வெளியே வரும் பிள்ளைக்கு வாசலிலேயே பரீட்சை வைத்து முகம் வாட வைப்பது அநியாயம். அதைச் சிரித்துக் கடக்க முடியவில்லை.

2049 மேல் அவருக்குள்ள உண்மையான கோபம் ஒன்றுதான்: அதற்கு ஒரே வேர்ஷன். வில்னவ் தியேட்டருக்கு விட்டதோடு சரி. அண்ணைக்குக் கேட்கக் கேள்வியே இல்லை. முதலில் தொகுத்தபோது அது கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஓடியது என்று படத்தொகுப்பாளர் ஜோ வோக்கர் சொல்லியிருக்கிறார். அது எப்போதாவது வெளியே வந்தால், 2049 தலைசிறந்த படம் என்று நமக்கு முதலில் விளக்கப்போகிறவர் அண்ணைதான். நாம் பார்த்தது வேறு வேர்ஷனாம்.