முன்கலையா, பின்கலையா: எல்.இ.டி.யின் ரெசிஸ்டர் இருப்பிடம் குறித்து ஓர் ஆராய்ச்சி

ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, ரெசிஸ்டர் ஒன்று. இவற்றை வரிசையாகக் கோக்கும்போது ரெசிஸ்டர் விளக்குக்கு முன்னால் வரவேண்டுமா, பின்னால் வரவேண்டுமா என்பதே ஆய்வுப் பொருள். 1827-இல் ஓம் தம் விதியை அச்சிட்டபோதே, 1962-இல் நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்.இ.டி.யை எரியவிடுவதற்கு வெகுமுன்பே, இது தீர்ந்த வழக்கு என்பார்கள் இயற்பியலார். அவர்கள் தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் வந்ததில்லை.

களத்தேர்வுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். தில்லியில் ரெசிஸ்டர் வாங்க மெட்ரோ பிடித்துச் செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட் போக வேண்டும். ஐ.என்.ஏ.வில் கிடைப்பவை முருங்கைக்காய், வாழையிலை, நெத்திலி. ஆனால் வாக்குவாதத்துக்குத் தமிழர் கிடைப்பது இங்கேதான். லட்சுமிபாய் நகர் தமிழ்ப் பள்ளியும் பக்கத்தில் இருப்பதால், அறிவியல் கண்காட்சிப் பருவத்தில் களம் சூடாகவே இருக்கும்.

முன்கலையார் கொள்கை: மின்னோட்டம் பிளஸ் முனையிலிருந்து வெறியோடு கிளம்புகிறது; விளக்கைத் தொடுமுன் அதை அடக்கிவிட வேண்டும். பின்கலையார் கொள்கை: விளக்கின் குட்டைக்காலில், அதாவது மைனஸ் பக்கம், பற்றவைப்பதே வழிவழி வந்த முறை, ஏனென்று கேட்கக்கூடாது. எலெக்ட்ரான்கள் மைனஸிலிருந்துதானே புறப்படுகின்றன என்று இவர்களில் படித்தவர்கள் மடக்குவார்கள். அப்படியானால் தாங்களே முன்கலையார் ஆகிவிடுகிறோம் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை. ரெசிஸ்டரே வேண்டாம் என்னும் மூன்றாம் பிரிவும் உண்டு. 3 வோல்ட் பொத்தான் பேட்டரியில் அவர்கள் விளக்கு எரியும். பேட்டரியின் உள்தடை காப்பாற்றிவிடும். ஒன்பது வோல்ட்டில் ஒரு பளிச், ஒரு கருகல் வாடை, அத்தோடு விவாதம் முடிந்தது.

அளவில் மட்டும் முதலிரு பிரிவாருக்கும் சண்டையில்லை. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 7. பத்து மில்லிஆம்பியர் போதும் என்றால் 7-ஐ 0.01-ஆல் வகுக்க 700 ஓம். கடையில் இருப்பது 680: நீலம், சாம்பல், பழுப்பு. கால் வாட் ரகம் தாராளம். நீல, வெள்ளை விளக்குகள் சுமார் 3 வோல்ட் கேட்கும். இதே கணக்கை வீட்டு 230 வோல்ட்டில் போட்டுப் பார்க்க நினைப்பவர் ஆய்வாளர் அல்லர். அதற்கென்றே நியான் இண்டிகேட்டர் விற்கிறார்கள்.

இனி களச்சான்று. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நகரக்கூடிய கடைச்சந்து. நுழையுமிடத்தில் ஒருவர் தேங்காயைத் தட்டிப் பார்த்து நிற்கட்டும். அல்லது கடைசியில் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து நிற்கட்டும். நிமிடத்துக்கு வெளியே வரும் தலைகள் ஒரே எண்ணிக்கைதான். பின்னால் அடைத்தால் முன்னால் இருப்பவர் மட்டும் எங்கே போவார்? தொடர் இணைப்பிலும் அதேதான்: ஒரே பாதை, எங்கும் ஒரே ஓட்டம். ஆகவே இரு கலையாரும் வீணாகத் தொண்டை வறளக் கத்தியிருக்கிறார்கள்.

ஆயினும் முன்கலையாருக்கு அரை மதிப்பெண் தரலாம். மைனஸோடு இணைந்த தகரப் பெட்டியின் முகப்பில் விளக்கை வைத்து, பிளஸ் கம்பியை நீளமாக இழுத்தால், அது தோலுரிந்து தகரத்தில் உரசக்கூடும். பேட்டரியின் பிளஸ் முனையருகே ரெசிஸ்டர் இருந்தால் விளக்கு அணைவதோடு சரி. விளக்குக்குப் பின்னால் இருந்தால் பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆகிச் சூடேறும்.

இந்தத் தீர்ப்பை வாழையிலைக் கடை முன் வாசித்தபோது பின்கலைப் பெரியவர் ஒருவர் ஏற்கவில்லை. கூட வந்திருந்த பேரனின் கண்காட்சிப் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லைட் எதுக்குடா?"

"உள்ள மெஷின் ஓடுதுன்னு காட்டறதுக்கு, தாத்தா."

"மெஷின் எங்க?"

"அது அடுத்த வருஷம்."