இரவெல்லாம் வேகும் காலை உணவு

கேள்வி: பிரெஞ்சு டோஸ்டை முதல்நாள் இரவே முட்டைப்பாலில் ஊறவைத்து, காலையில் ஓவனில் வைப்பார்கள். டில்லியில் இப்படி ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, நிஹாரி. பழைய டில்லி தூங்கும்போது விழித்திருக்கும் பண்டம் அது. கால்கறியும் எலும்பும் மசாலாவும் தேக்சாவில் ஏறும். மூடியின் விளிம்பைக் கோதுமை மாவால் அடைத்து, விடிய விடியத் தணலில் வைப்பார்கள். அவசரத் தீயில் விறைத்துப்போகும் தசைநார், இந்த நிதானத்தில் ஜெலட்டினாகக் கரைகிறது. குழம்பு விரலில் பிசுபிசுப்பது அதனால்தான். முந்தைய நாள் நிஹாரியில் ஒரு பங்கைப் புதியதில் சேர்க்கும் வழக்கமும் உண்டு. ஜாமா மசூதி அருகே 1913-இல் தொடங்கிய கரீம்ஸ் உணவகம் நிஹாரிக்குப் பெயர்பெற்றது. தொட்டுக்கொள்ளக் கமீரி ரொட்டி, மேலே இஞ்சிச் சீவல், எலுமிச்சை. தாமதமாக எழுபவருக்குப் பாத்திரம்தான் மிஞ்சும்.