மகன் பெயரில் அப்பா

கேள்வி: 'தமிழ்நாடு மாவட்ட நகராட்சிகள் சட்டம், 1920' என்று ஒரு பழைய நோட்டீஸில் பார்த்தேன். 1920-ல் ஏதய்யா தமிழ்நாடு? அச்சுப் பிழையா?
(பேகம்பூர் வாசகர், திண்டுக்கல்)

பதில்: பிழை இல்லை, பெயர் சூட்டு விழா! 1969 ஜனவரி 14-ல் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. கையோடு ஓர் ஆணை போட்டு, பழைய சட்டங்களின் தலைப்பில் மாநிலத்தைக் குறித்த 'மெட்ராஸ்' பெயரை மாற்றிவிட்டார்கள். ஆண்டை மட்டும் தொடவில்லை. மகன் பெயரை அப்பாவுக்கு வைத்த கதைதான். திண்டுக்கல் 2014-ல் மாநகராட்சி ஆகும் வரை உங்கள் வீட்டு வரிக்குப் பின்னால் நின்றதும் அந்த 1920 சட்டமே.

தலைநகரிலும் இதே கூத்து. 1996-ல் ஊர் சென்னை ஆக, 1888-ன் மெட்ராஸ் நகரக் காவல் சட்டமும் 'சென்னை' ஆனது. உயர் நீதிமன்றம் மட்டும் ஆங்கிலத்தில் இன்னும் மெட்ராஸ்தான். அதற்கு யார் சம்மன் அனுப்புவது?

பெயர் மாற்றம் மட்டும்தானா என்று கேட்காதீர்கள். 1967-ல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தந்தோம். இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-லேயே சொன்னோம். ஆனால், சட்டம் அமலுக்கு வந்த அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான மகளுக்குக் கிடையாது என்று ஒரு திண்டுக்கல் பூட்டையும் மாட்டினோம்! டெல்லி சம பங்கு தந்தது 2005-ல். அதில் இந்தப் பூட்டு இல்லை.

பெயர் மாற்றத்துக்கு ஆணையே தேவைப்படாத ஊர் உங்களுடையது. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம், பேகம்பூர்.